பின்வரிசைச் சிரிப்பு

அன்புள்ள சார்,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து 'ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்' (1978) படத்தைப் பார்த்தோம். நான்கு பேர் ஒரு பெண்ணைச் சீரழிக்கிறார்கள், அவள் ஒவ்வொருவராகத் தேடிக் கொல்கிறாள், அவ்வளவுதான் கதை. முதல் பாதியில் எங்களில் சிலர் சிரித்தார்கள். நண்பனின் தங்கை பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். பதற்றத்தில் எல்லாருக்கும் வருகிற சிரிப்புதான் அது என்று நினைக்கிறேன். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்தப் படத்துக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லையாம். அவர் மிகைப்படுத்துகிறாரா? இம்மாதிரிப் படங்களைத் தடை செய்ய வேண்டுமா? 2010இல் திரும்ப எடுத்ததைப் பார்க்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். 2010 படத்தைப் பார்ப்பது உங்கள் இஷ்டம். தடையைக் கேட்டால், பிரிட்டனில் இப்படிப்பட்ட வீடியோக்களுக்கு ஒரு பட்டியலே போட்டார்கள், 1984இல் தனிச் சட்டமும் கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டியலில் இருந்த படத்தைத்தான் நீங்கள் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள்.

ஈபர்ட் எழுதியதை முழுதாகப் படித்தீர்களா? நட்சத்திரக் கணக்கோடு நிறுத்திவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. 1980இல் சிகாகோ தியேட்டர் ஒன்றில் அவர் இந்தப் படத்தைப் பார்த்தார். அவரை உலுக்கியதில் பாதி திரையில் நடந்தது, பாதி நாற்காலிகளில் நடந்தது. அருகில் உட்கார்ந்திருந்த நரைத்த தலைக்காரர் ஒவ்வொரு கொடுமைக்கும் உரக்கக் கருத்துச் சொல்லி ரசித்ததை அவர் எழுதியிருக்கிறார். பழிவாங்கும் இடத்தில் ஒரு பெண் கதாநாயகிக்காகக் குரல் கொடுத்ததையும் எழுதியிருக்கிறார். அந்த ஆளிடம் திரும்பி, நீங்கள் பேசுவது அருவருப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தாராம், ஆனால் சொல்லவில்லையாம். அதையும் மறைக்காமல் எழுதினார். அந்த ஒரு வரிக்காக நான் அவரை மதிக்கிறேன்.

படத்தின் இயக்குநர் மேயிர் ஸார்ச்சி சொல்வது வேறு. 1974இல் நியூயார்க்கில், வன்கொடுமைக்கு ஆளாகி இரத்தத்தோடு வந்த ஒரு பெண்ணுக்கு உதவப்போனாராம். தாடை உடைந்திருந்த அவளிடம் போலீஸ்காரர் கேள்வி மேல் கேள்வி கேட்டதைப் பார்த்த கோபத்தில் பிறந்த படம் என்கிறார். நம்புகிறேன். படத்தில் பின்னணி இசை கிடையாது, அந்தக் காட்சிகளில் எதையும் அழகாகக் காட்டவும் இல்லை. ஆனால் 'டே ஆஃப் தி வுமன்' என்று அவர் வைத்த பெயரை விநியோகஸ்தர் மாற்றி, கிழிந்த உடையோடு கத்தி பிடித்த பெண்ணின் பின்புறத்தைப் போஸ்டரில் போட்டு விற்றார். ஐந்து ஆண்களை அவள் வெட்டித் துண்டாக்கியதாக அந்தப் போஸ்டர் சொல்கிறது. படத்தில் இருப்பது நான்கு பேர். விற்கிறவர்களுக்கு எண்ணிப் பார்க்கக்கூட அவசியம் இருக்கவில்லை.

சரி, அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். பதற்றச் சிரிப்பு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! பதற்றத்தில் சிரிப்பவன் சீக்கிரம் நிறுத்திவிடுவான், கண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிடுவான். இன்னொரு சிரிப்பு இருக்கிறது. அது பக்கத்தில் இருப்பவனைத் திரும்பிப் பார்க்கும், அவனும் சிரிக்கிறானா என்று தேடும், அவன் சிரித்தால் இன்னும் சத்தமாகும். இரண்டையும் காது பிரித்துச் சொல்லிவிடும். எனக்கு அது பன்னிரண்டு வயதிலேயே தெரியும், ஏனென்றால் நானே அந்த இரண்டாவது சிரிப்பைச் சிரித்திருக்கிறேன்.

உங்கள் ஊருக்கு வெளியேதான் எங்கள் தோட்டம். இப்போது முழுக்கச் செம்பனை. அப்போது கித்தாக்காடு, அதாவது ரப்பர்த் தோட்டம். எண்பதுகளில் வீட்டுக்கு ஒரு வெள்ளி வசூலித்து, டவுனிலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துவந்து, சனிக்கிழமை ராத்திரி கூடத்தில் போடுவார்கள். முதலில் தமிழ்ப் படம். அது முடிந்ததும் பெண்களும் பிள்ளைகளும் லயத்து வீடுகளுக்குப் போய்விட வேண்டும். பிறகு ஆண்களுக்கு இங்கிலீஷ் படம். பையன்கள் நாங்கள் போவதுபோல் போய்விட்டு, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

அன்றைக்கு ஓடியது நீங்கள் பார்த்தது போன்ற ஒரு படம். காட்டுக்குள் ஒரு பெண்ணை மூன்று பேர் துரத்துகிறார்கள். கூடத்துக்குள் கள்ளு வாடை. பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தண்டல், எங்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளர், "விடாதே, பிடி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் அண்ணன் சிரித்தான். நானும் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

பால் வெட்டுகிற ஒரு அக்கா, தன் பையனைத் தேடி உள்ளே வந்தார். இருட்டு விலகாத காலையில், ஒதுக்குப்புறமான மர வரிசையில் அவருக்கு என்ன நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை. அவர் நேராக முன்னால் போய், டிவிக்கு முதுகைக் காட்டி நின்றார். தலையில் துண்டு, கையில் டார்ச் லைட். டார்ச்சை அடிக்கவில்லை. திரை வெளிச்சம் எல்லார் முகத்திலும் விழுந்துகொண்டிருந்தது. வரிசை வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்வரிசை வரைக்கும் பார்த்தார். அவருக்குப் பின்னால் படத்தில் அந்தப் பெண் அலறிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஒருவருக்கும் மூச்சு இல்லை. அப்புறம் சன்னல் பக்கம் வந்து, எனக்குப் பக்கத்தில் நின்ற அவர் பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் பின்னால் ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை. திங்கட்கிழமை விடியலில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டதும் அதே தண்டல்தான்.

நாற்பது வருஷம் இதை நான் எழுதவில்லை. உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இன்றைக்கும் எழுதியிருக்க மாட்டேன். படத்தைப் பற்றி, ஈபர்ட்டைப் பற்றி, தணிக்கையைப் பற்றி இத்தனை கேட்டீர்கள். எழுந்து போன பிள்ளையைப் பற்றி ஒரே வரி, அதற்கு அடுத்த வரியிலேயே சிரித்தவர்களுக்குச் சமாதானம். எனக்குக் கோபம் வருகிறது தம்பி. உங்கள்மேல் அன்பு இருப்பதால்தான் வருகிறது. நீங்கள் கெட்டவர் என்றால் அந்த வரியை எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

அடுத்த கடிதத்தில் படம் வேண்டாம். அந்தப் பிள்ளை எந்தக் காட்சியில் எழுந்தது, வெளியே எவ்வளவு நேரம் தனியாக உட்கார்ந்திருந்தது, உங்கள் ஆறு பேரில் யார் போய்ப் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். யாரும் போகவில்லை என்றால் இன்றைக்குப் போங்கள்.

அன்புடன்,
அண்ணன்