ஒட்டுவதும் உட்புகுவதும்

கேள்வி: கரி நாற்றத்தை உறிஞ்சுகிறது, நெல் ஈரத்தை உறிஞ்சுகிறது, கறுப்புக் குடை வெயிலை உறிஞ்சுகிறது, குடல் சத்தை உறிஞ்சுகிறது. இந்த ஒரே வேலையை அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் என்று பிரித்துப் பாடநூல்கள் பிள்ளைகளை வதைப்பது ஏன்? வீட்டுக்கு இதனால் என்ன பயன்? (களுவாஞ்சிக்குடி வாசகர் ஒருவர்)

பதில்: ஒரே வேலை அன்று. வந்தாரைப் பாயோடு ஒட்டவைக்கும் ஊர் என்று பெயர் வாங்கிய மட்டக்களப்பில் இருந்துகொண்டு, ஒட்டிக்கொள்வதற்கும் உட்புகுவதற்கும் வேறுபாடு இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எமக்கு வியப்பாக இருக்கிறது.

பெரும்போக அறுவடை முடிந்ததும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் வீதியோரம் காயப்போடும் நெல்லைப் பாருங்கள். நீர் மணியின் உள்ளே முழுவதும் பரவியிருப்பதால், மேற்புறம் காய்ந்து கையில் சலசலத்தாலும் ஈரப்பதன் அரச கொள்வனவுக்குரிய 14 சதவீதத்துக்கு மேல் நிற்கக்கூடும். காய்ந்த நெல்லையும் மூடாமல் விட்டால் இரவுக் காற்றின் ஈரத்தை அது திரும்பவும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதுதான் அகத்துறிஞ்சல். கரியின் கதை வேறு. சிரட்டைக் கரியை நீராவியில் பதப்படுத்தி நுண்துளைகளைப் பெருக்கினால், ஒரு கிராம் கரியிலேயே 500 சதுர மீற்றருக்கும் அதிகமான மேற்பரப்பு கிடைக்கிறது. நாற்றந்தரும் சேதன மூலக்கூறுகள் அந்த மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இதுதான் புறத்துறிஞ்சல். இடம் நிரம்பியதும் ஒட்டுதல் நின்றுவிடும். அதன் பிறகு வடிகட்டியில் கரி இருந்தும் இல்லாததற்குச் சமம். கரைந்த உப்பின் அயன்களை அது பிடித்துவைப்பதும் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையோரக் கிணறுகள் உவர்த்துக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய கிணற்றை மூட்டை கரியைக் கொண்டு நன்னீராக்கித் தருகிறேன் என்று எவராவது நாளை வந்தால், நீங்கள் கேலிசெய்யும் அந்தப் பாடநூற் பிரிவுதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

குடை இவை இரண்டிலும் சேராது. நெல்லுக்குள் போன நீர் நீராகவே இருக்கிறது. துணியில் விழுந்த ஒளியோ ஒளியாக எஞ்சாமல் வெப்பமாக மாறிவிடுகிறது. விரல் நுனியில் மாட்டிக் குருதியின் ஒட்சிசனை அளக்கும் சிறு கருவியும் ஒளியின் உறிஞ்சலையே நம்பியிருக்கிறது: ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபின் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் செங்கீழ் ஒளியைக் கூடுதலாகவும் உறிஞ்சுவதால், இரண்டையும் ஒப்பிட்டு அது கணக்குச் சொல்கிறது.

வீட்டுக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு விடை குடலில் இருக்கிறது. குடற்சுவர் கண்டதையெல்லாம் இழுத்துக்கொள்ளும் பஞ்சு அன்று. அதன் உயிருள்ள கலங்கள் தெரிந்தெடுத்தே உள்ளே விடுகின்றன. சோடியத்தையும் குளுக்கோசையும் சோடியாக ஏற்றிச் செல்லும் புரதம் ஒன்று அங்கே உண்டு, அவற்றின் பின்னால் நீரும் போகிறது. வயிற்றோட்டத்தின்போது வெறும் தண்ணீரைவிட, உப்பும் குளுக்கோசும் கலந்த பொதித் தூளை நீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பயன்தருவது இதனால்தான். ஆனால் பிள்ளைக்குச் சுவைக்கட்டும் என்று அதில் மேலும் சீனி போடுவதோ, பொதியில் சொன்ன அளவைவிடக் குறைந்த நீரில் கரைப்பதோ தவறு. கரைசல் செறிவு மிகுந்தால், நீர் உடலுக்குள் போவதற்குப் பதிலாகக் குடலுக்குள் இழுக்கப்பட்டு ஓட்டம் கூடும்.

இரும்பு மாத்திரையும் அப்படித்தான். விழுங்கியதெல்லாம் குருதியில் சேர்ந்துவிட்டது என்று நினைத்து, கிளினிக்கில் தந்த மாத்திரையைப் பிளேன்டீயோடு போட்டுக்கொள்ளும் கர்ப்பிணித் தாய்மார் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை. தேயிலையின் தனின் போன்ற பொருள்கள் குடலுக்குள்ளேயே இரும்பைப் பிணைத்துக்கொள்வதால் அதில் பெரும்பங்கு உள்ளே நுழையாமல் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. மாறாக, விற்றமின் சீ இரும்பின் அகத்துறிஞ்சலைக் கூட்டும். ஆகவே மாத்திரைக்குத் தண்ணீர் போதும், தேசிக்காய்ச் சாறு சேர்ந்தால் இன்னும் நல்லது. தேநீர் ஒன்றிரண்டு மணித்தியாலம் பொறுக்கட்டும்.

பாடநூலின் மேல் எமக்கும் ஒரு குறை உண்டு. இரண்டு வரைவிலக்கணங்களையும் மனனம் செய்யச் சொல்லும் அந்தப் பக்கத்தில் நெல்லும் இல்லை, கரியும் இல்லை, பிளேன்டீயும் இல்லை. அதைக் கேட்டிருந்தால் உங்களோடு சேர்ந்து நாமும் கையொப்பமிட்டிருப்போம்.