பட்டா யார் பெயரில் நிற்கிறது? ராமநாதபுரம் கடலோர நிலம்: கேள்வி பதில்

தொண்டி: அண்ணே, தாத்தா 1962-ல கிரயம் வாங்கின பத்திரம் இருக்கு. பட்டா பக்கத்துக் காட்டுக்காரர் பேர்ல நிக்குது. எங்க போறது?

தம்பி, 1979-ல் தொடங்கிய யூ.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) பதிவில் பெயர் மாறியிருக்கலாம். அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேடு, யூ.டி.ஆர். 'அ' பதிவேடு (சர்வே எண்வாரியாக நில உடைமையாளர் பெயர் உள்ளது) இரண்டுக்கும் நகல் எடுங்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் எல்லா ஆண்டுகளுக்கும் வராது. அதில் இல்லாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பத்திரத்தில் உள்ள நான்கு எல்லைகளையும் புலப்படத்தோடு (சர்வே வரைபடம்) ஒத்துப் பாருங்கள். பழைய சர்வே எண்ணை மட்டும் எழுதிக் கொடுப்பதால்தான் பல மனுக்கள் திரும்புகின்றன. புது எண்ணையும் சேருங்கள். மனு மாவட்ட வருவாய் அலுவலருக்கு. எதிராளி "நிலமே என்னது" என்றால் வருவாய்த்துறை தீர்க்காது, சிவில் கோர்ட்தான். நிலமும் அவர் கைவசம் இருந்தால் சும்மா இருக்காதீர்கள். 12 வருடம் ஓடினால் எதிரிடை அனுபவம் (உங்களுக்கு எதிராக இத்தனை காலம் வைத்திருந்ததால் நிலம் தனதே என்ற வாதம்) பேசுவார்.

கீழக்கரை: காக்கா, ஜமீன் போயி இத்தனை வருசமாச்சு. நம்ம மாவட்டம் பின்தங்குனதுக்கு இன்னும் அதையே சொல்லலாமா?

மழையும் மண்ணும் பெரிய காரணம். ஆனால் ஜமீனை ஒதுக்க முடியாது. 1803-ல் ராமநாதபுரத்துக்கு நிரந்தர செட்டில்மெண்ட் (ஜமீன்தார் கட்டும் வரியை நிலையாக நிர்ணயித்த ஏற்பாடு) வந்தது. ஜமீன்தார் சர்க்காருக்குக் கட்டும் பேஷ்குஷ் என்ற அந்த வரி மாறாது. குடியானவர் ஜமீனுக்குக் கொடுத்தது விளைச்சலில் வாரம், அதாவது ஒரு பங்கு. சொந்தக் காசில் கிணறு வெட்டி எருவடித்தாலும், கூடுதலாக விளைந்ததில் பங்கு போய்விடும். பிறகு யார் காசு போடுவார்? ஜமீன்முறை இருந்த மாவட்டங்கள் விடுதலைக்குப் பிறகும் விவசாய முதலீட்டில் பின்தங்கியதை பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005-ல் காட்டினார்கள். 1948 சட்டம் ஜமீனை ஒழித்தது, செல்வாக்கை அல்ல. ராமநாதபுரம் ராஜா சண்முக ராஜேஸ்வர சேதுபதி 1952-ல் தேர்தலிலேயே ஜெயித்து ராஜாஜி அமைச்சரவையில் உட்கார்ந்தார்.

வாலிநோக்கம்: படகு ஏத்துற, வலை காயப்போடுற இடத்துக்குப் பட்டா கிடைக்குமாண்ணே?

தனிப்பட்டா கேட்காதீர்கள். அது கடற்கரைப் புறம்போக்கு. தப்பித்தவறி ஒருவருக்குக் கிடைத்தாலும் அவர் வெளியாளுக்கு விற்றால் ஊருக்கே கரை போச்சு. 2011, 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகளின்படி, மீனவ ஊரின் பொதுச்சொத்துகளைக் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும். உங்கள் படகுத்துறையும் கருவாட்டுக் களமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் களத்தின் நாலு மூலைக்கும் ஜி.பி.எஸ். புள்ளி எடுத்து, கருவாடு காயும்போது எடுத்த படத்தோடு கிராமசபைத் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்புங்கள். குறிக்காமல் விட்டால், நாளை ஒரு ரிசார்ட்டுக்காரர் விண்ணப்பிக்கும்போது கோப்பில் அது வெறும் காலி இடம்.

சாயல்குடி: என்னையச் சேர்க்காம அண்ணன்மாரே பூர்வீக நிலத்தைப் பாகம் பிரிச்சிட்டாங்க. செல்லுமா?

அக்கா, 20.12.2004-க்கு முன்பே பதிவான பாகம் என்றால் மகளுக்கும் சம பங்கு தந்த 2005 இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அதைத் தொடாது. அதற்குப் பிறகு என்றால் அந்தச் சட்டப்படி உங்களுக்கும் சம பங்கு. எப்போது கல்யாணம் ஆனது என்பது பொருட்டில்லை. முதலில் பத்திரத்தின் பதிவுத் தேதியைப் பாருங்கள்.