‘மறைந்தார்’ என்று எழுதலாமா? உடல் கிடைக்காத அமெரிக்க அரசியல்வாதிகளும் அவர்கள் இறந்த தேதியும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. தமிழ் விக்கிப்பீடியாவில் அமெரிக்க அரசியல்வாதிகளைப் பற்றிச் சிறு கட்டுரைகள் எழுதிவருகிறேன். ஹேல் பாக்ஸ் என்பவர் ‘1972 அக்டோபர் 16 அன்று மறைந்தார்’ என்று எழுதியிருந்தேன். அன்றுதான் இறந்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு, இன்னொருவர் அந்த வரியை நீக்கிவிட்டார். வேறோர் இடத்தில் 1973 ஜனவரி 3 என்று இருக்கிறது. உடல் கிடைக்காதவருக்கு வாஷிங்டனில் கல்லறை இருப்பதாகவும் படித்தேன். ஏழு ஆண்டு கழித்துத்தானே இறந்ததாக அறிவிப்பார்கள்? நான் எந்தத் தேதியைப் போடட்டும்? இவரைப் போன்ற மற்றவர்களைப் பற்றி எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அம்மா, முதலில் ‘மறைந்தார்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நம் பத்திரிகைத் தமிழில் மறைந்தார் என்றால் இறந்தார். ‘மறைந்த முதலமைச்சர்’ என்று படிக்கிற யாரும், அவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார் என்று பொருள் கொள்வதில்லை. பாக்ஸுக்கு நடந்ததோ அந்தச் சொல்லின் பழைய பொருள்தான்: கண்ணுக்குத் தெரியாமல் போனார். நீங்கள் ஒரு பொருளில் எழுதினீர்கள், வரியை நீக்கியவர் இன்னொரு பொருளில் படித்தார். இருவர் மீதும் குற்றமில்லை. வாழ்க்கைக் குறிப்புகளைத் திருத்துவதிலேயே என் காலம் போயிருக்கிறது. இந்த ஒரு சொல்லால் வந்த குழப்பத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உடல் கிடைக்காதவர்களுக்கு ‘காணாமற்போனார்’ என்றே எழுதுங்கள். காலமானார், இயற்கை எய்தினார் எல்லாம் வேண்டாம்.

இனி பாக்ஸின் விஷயம். அவர் லூசியானாவைச் சேர்ந்தவர், பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர். கென்னடி கொலையை விசாரித்த வாரன் ஆணையத்திலும் உறுப்பினராக இருந்தார். 1972 அக்டோபரில் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அலாஸ்காவின் ஒரே பிரதிநிதியான நிக் பெகிச்சுக்காகப் பிரசாரம் செய்ய அங்கே போயிருந்தார். 16ஆம் தேதி காலை 9 மணி அளவில் ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குக் கிளம்பினார்கள். வான்வழியில் ஏறக்குறைய 900 கிலோமீட்டர். இரட்டை எஞ்சின் செஸ்னா 310, அதில் நான்கு பேர்: பாக்ஸ், பெகிச், பெகிச்சின் உதவியாளர் ரஸ்ஸல் பிரவுன், விமானி டான் ஜான்ஸ். ஓடுபாதையை விட்டு எழும்பிய சில நிமிடங்களில் விமானி வானொலியில் தன் பாதையைச் சொன்னார். அவசர காலத்தில் இருப்பிடம் காட்டும் கருவி இருக்கிறதா என்று தரையிலிருந்து கேட்டதற்கு, இருக்கிறது என்றார். அந்த விமானத்திலிருந்து அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை.

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விழுந்த இடத்திலிருந்து தானாகவே வானொலிச் சமிக்ஞை அனுப்பும் சிறு பெட்டி அது. விமானத்தில் பொருத்தியும் வைக்கலாம், விமானி கையோடும் எடுத்துப் போகலாம். அது விமானத்தில் இருக்கவேண்டும் என்று அலாஸ்கா மாநிலச் சட்டம் சொன்னது. விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தேடியபோது, விமானியின் கையடக்கக் கருவி ஃபேர்பேங்க்ஸ் நகரில் வேறொரு விமானத்தில் கிடைத்தது. அன்று காலை அவருடைய கைப்பெட்டியில் அதே வடிவத்தில், ஆனால் வேறு நிறத்தில் ஒரு பொருளைக் கண்டதாக ஒருவர் சாட்சி சொன்னார். அதையும் எடைபோட்டுப் பார்த்த வாரியம், விமானத்திலும் விமானியிடமும் அந்தக் கருவி இல்லை என்ற முடிவுக்கே வந்தது. அந்த ஒரு பெட்டி உடனிருந்திருந்தால் இன்று உங்கள் கேள்விக்கே இடம் இருந்திருக்காது என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

தேடல் 39 நாள் நடந்தது. கடலோரக் காவல் படை, விமானப் படை, தரைப் படை, கடற்படை, தன்னார்வ விமானிகள் எல்லாரும் இறங்கினார்கள். மிக உயரத்தில் பறந்து படமெடுக்கும் எஸ்.ஆர்-71 உளவு விமானத்தைக்கூடப் பயன்படுத்தினார்கள். 3,25,000 சதுர மைல், அதாவது 8 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் சலித்தும் ஒரு இறக்கைத் துண்டுகூட அகப்படவில்லை. பனியாறுகளும் ஆழமான கடலும் செங்குத்து மலையும் சேர்ந்த நிலம் அது. நவம்பர் 24 அன்று தேடலை நிறுத்தினார்கள்.

இதற்கு நடுவே நவம்பர் 7 அன்று தேர்தல் வந்தது. இருவர் பெயரும் வாக்குச்சீட்டில் இருந்தன, இருவரும் வென்றார்கள். பாக்ஸுக்குப் போட்டியே இல்லை. பெகிச்சை எதிர்த்து நின்ற டான் யங், மூன்று வாரமாகக் காணாமற்போயிருந்த ஒருவரிடம் தோற்றார். காணாமற்போன நாளையே இறந்த நாளாக ஏன் போடமுடியாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. அக்டோபர் 16 அன்றே இறந்தார்கள் என்று அன்றைக்கு யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் உயிரோடிருக்கும் வேட்பாளர்கள்.

ஏழு ஆண்டுக் கணக்கு நமக்கு, 2024 ஜூலை வரை நடப்பிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவிலிருந்து பழக்கமானது. ஒருவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத வெறும் காணாமைக்கு அது பொருந்தும். உயிர் பிழைத்திருக்க வழியில்லாத சூழலில் ஒருவர் காணாமற்போயிருந்தால், அத்தனை காலம் காத்திருக்கத் தேவையில்லை என்று அமெரிக்க நீதிமன்றங்கள் ஏற்கின்றன. பெகிச் விஷயத்தில் அலாஸ்காவில் ஜூரி முன்னால் விசாரணை நடந்தது. 1972 டிசம்பர் 29 அன்று, தேடல் நின்று ஐந்தே வாரத்தில், அவர் இறந்ததாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. பாக்ஸுக்கு வழி வேறு. 1973 ஜனவரி 3 அன்று புதிய சபை கூடியதும் முதல் தீர்மானமாகவே அவர் இடம் காலி என்று முடிவுசெய்தது. அந்தத் தீர்மானத்தின்படி அவர் ‘இறந்ததாகக் கருதப்படுகிறார்’ என்றுதான் காங்கிரஸின் அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பேடு பதிந்திருக்கிறது. நீங்கள் பார்த்த ஜனவரி 3 இங்கிருந்து வந்ததுதான். அது தீர்மானத்தின் தேதி. அதை இறந்த தேதியாகப் போட்டால், ஒரே விமானத்தில் போன இருவர் ஐந்து நாள் இடைவெளியில் இறந்ததாக ஆகிவிடும்.

இடைத்தேர்தல்கள் 1973 மார்ச்சில் நடந்தன. 6ஆம் தேதி அலாஸ்காவில் டான் யங் வென்றார். 2022 மார்ச்சில் இறக்கும்வரை, 49 ஆண்டு, அந்த இடத்தில் அவரே இருந்தார். 20ஆம் தேதி லூசியானாவில் பாக்ஸின் மனைவி லிண்டி பாக்ஸ் வென்றார். அந்த மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான முதல் பெண் அவர். லிண்டிக்குத் தனிக் கட்டுரை எழுதுங்கள். கணவர் இடத்துக்கு வந்தவர் என்று ஒரு வரியில் முடித்துவிடக் கூடாத வாழ்க்கை அது. 1991 வரை சபையில் இருந்தார், பிறகு வத்திக்கானுக்குத் தூதராகப் போனார்.

கல்லறை விஷயத்துக்கு வருகிறேன். வாஷிங்டனில் காங்கிரஷனல் கல்லறைத்தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. பதவியில் இருக்கும்போதே இறந்த உறுப்பினர்களுக்கு அங்கே வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் கற்கள் நட்டார்கள். நாடாளுமன்றக் கட்டடத்தில் பணியாற்றிய பெஞ்சமின் லாட்ரோப் வரைந்த வடிவம்: அகலமான பீடம், அதன்மேல் கட்டையான சதுரக் கல், உச்சியில் மழுங்கிய கூம்பு, எல்லாம் அக்வியா ஓடையின் மணற்கல். அந்தக் கல்லின்கீழ் கிடக்கவேண்டும் என்ற நினைப்பே சாவுக்குப் புதியதொரு பயத்தைச் சேர்க்கிறது என்று மாசசூசெட்ஸ் உறுப்பினர் ஜார்ஜ் ஹோர் 1870களில் சபையிலேயே சொன்னார். வழக்கமும் அந்தக் காலத்தோடு நின்றது. நெடுங்காலம் கழித்து விதிவிலக்காகச் சேர்ந்தது பாக்ஸின் பெயர். இந்தக் கற்கள் சிலவற்றின் அடியில் உண்மையாகவே உடல் இருக்கிறது, பலவற்றின் அடியில் இல்லை. அதனால் படத்தில் கல்லைப் பார்த்ததும் ‘இங்கே அடக்கம்’ என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனியாகச் சரிபாருங்கள். இதை ‘நடுகல்’ என்று மொழிபெயர்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நடுகல் என்றால் போரில் பட்ட வீரனும் அவனுக்கு வைக்கும் படையலும் நினைவுக்கு வரும். ‘நினைவுக்கல்’ போதும். அலாஸ்காவில் போர்ட்டேஜ் பனியாற்றின் அருகே பெகிச், பாக்ஸ் இருவர் பெயரையும் தாங்கிய பார்வையாளர் மையம் இருக்கிறது. அதுவும் நினைவிடமே.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எத்தனை உறுதியாகத் தெரியும் என்பதைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் வாசகம் மாறும்.

லாரி மெக்டொனால்டு, ஜார்ஜியாவின் பிரதிநிதி. சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்திய கொரிய விமானம் 007இல் இருந்த 269 பேரில் ஒருவர். உடல் கிடைக்கவில்லை. ஆனாலும் விமானம் தாக்கப்பட்ட நேரம் நிமிடக் கணக்கில் தெரியும் என்பதால், இவருக்கு இறந்த தேதியைத் தயங்காமல் போடலாம். எந்தத் தேதி என்பதுதான் கேள்வி. ஏவுகணை தாக்கியது உலகப் பொது நேரம் 1983 ஆகஸ்ட் 31, 18:26. விழுந்த சகாலின் பகுதியில் அப்போது செப்டம்பர் 1 விடிகாலை, அவர் ஊரான ஜார்ஜியாவில் ஆகஸ்ட் 31 பிற்பகல், நமக்கு ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்கு நான்கு நிமிடம் முன்பு. சம்பவம் நடந்த இடத்தின் தேதியை எடுப்பதே வழக்கம், ஆகவே செப்டம்பர் 1. யாராவது மாற்றினால் சண்டை போடாமல் இந்தக் கணக்கைப் பேச்சுப் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

தாமஸ் ஃப்ரான்சிஸ் மார், அயர்லாந்துப் புரட்சிக்காரர், உள்நாட்டுப் போரில் ஐரிஷ் படையணியின் தளபதி, மொன்டானா ஆட்சிப்பகுதியின் தற்காலிக ஆளுநர். 1867 ஜூலை 1 இரவு ஃபோர்ட் பென்ட்டனில் நின்ற நீராவிப் படகிலிருந்து மிசூரி ஆற்றில் விழுந்தார். தவறி விழுந்தாரா, தள்ளிவிட்டார்களா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நாளில் சந்தேகம் இல்லை. தேதியைப் போடுங்கள், காரணத்தை மட்டும் முடிவாகச் சொல்லாதீர்கள்.

ஜான் லான்சிங்குக்கு அதுவும் முடியாது. 1787இல் அரசியலமைப்பு மாநாட்டுக்கு நியூயார்க் அனுப்பிய மூவரில் ஒருவர். மாநாடு தன் அதிகாரத்தை மீறுகிறது என்று பாதியில் வெளியேறியவர். 1829 டிசம்பர் 12 மாலை, 75 வயதில், ஆல்பனிக்குப் போகும் படகில் ஒரு கடிதத்தைச் சேர்க்க நியூயார்க் நகரில் தான் தங்கியிருந்த விடுதியிலிருந்து இறங்கி நடந்தார். திரும்பவில்லை. அவருக்கு ‘கடைசியாகக் காணப்பட்டது’ என்ற தேதி மட்டும்தான்.

சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட தென் கரோலினாவின் தாமஸ் லிஞ்சுக்கு நாளும் கிடையாது, மாதமும் கிடையாது. உடல்நிலை தேற மேற்கிந்தியத் தீவுகளுக்கு மனைவியோடு கப்பலேறினார். கப்பல் கரை சேரவில்லை. ‘1779இல் கடலில் காணாமற்போனார்’ என்று ஆண்டோடு நிறுத்துங்கள். வயது 30. கையெழுத்திட்டவர்களில் மிகக் குறைந்த வயதில் போனவர் அவரே.

நீதிபதி கிரேட்டரையும் ஜிம்மி ஹாஃபாவையும் இந்த வரிசையில் சேர்க்கச் சொல்வார்கள். ஒருவர் 1930இல் காணாமற்போன நியூயார்க் நீதிபதி, மற்றவர் 1975இல் காணாமற்போன தொழிற்சங்கத் தலைவர். இருவருக்கும் அரசியல் தொடர்பு உண்டு, ஆனாலும் பகுப்பு வேறு. அமெரிக்க விடுதலைக்காக எழுதிய தாமஸ் பெய்ன் போன்றோரும் இங்கே வரமாட்டார்கள். அவர் 1809இல் முறையாகப் புதைக்கப்பட்டார். பத்து ஆண்டு கழித்து ஒருவர் தோண்டி இங்கிலாந்துக்குக் கொண்டுபோன எலும்புகள்தாம் பிறகு தொலைந்துபோயின.

உங்கள் பாக்ஸ் கட்டுரைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘1972 அக்டோபர் 16 அன்று, அலாஸ்காவில் ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குப் பறந்த விமானத்தோடு காணாமற்போனார். 39 நாள் தேடியும் விமானமோ அதில் இருந்த நால்வரோ கிடைக்கவில்லை. 1973 ஜனவரி 3 அன்று பிரதிநிதிகள் சபை அவரது இடம் காலியானதாகத் தீர்மானித்தது. அதன்படி அவர் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார்.’

தகவல்பெட்டியில் ‘இறப்பு’ என்ற இடத்தில் ‘காணாமற்போனது: 1972 அக்டோபர் 16’ என்று போடுங்கள். வயதைக் கணக்கிட்டுக் காட்டும் வார்ப்புருவை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது தானாகவே ‘அகவை 58’ என்று எழுதிவிடும். ‘அடக்கம்’ என்ற வரி வெறுமையாகவே இருக்கட்டும். நினைவுக்கல்லைக் கட்டுரையின் உள்ளே சொல்லிக்கொள்ளலாம். பெகிச், பிரவுன், ஜான்ஸ் மூவர் பெயரையும் அந்தப் பத்தியில் விட்டுவிடாமல் சேருங்கள்.