விலங்குகளின் விசித்திர நட்பும் நம் ‘இனப்பற்றும்’

நீர்யானையும் ஆமையும் பழகும்போது மனிதன் மட்டும் ஏன் இனம் பார்க்கிறான், அது பிறவிக்குணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

2004 டிசம்பரில் நம் நாகப்பட்டினத்தைச் சிதைத்த அதே சுனாமி, கென்யாவில் ஒரு நீர்யானைக் குட்டியைத் தாயில்லாமல் கரையில் விட்டுச் சென்றது. மொம்பாசாவின் ஹாலர் பூங்காவில் இறக்கிவிட்டதும், அரண்டுபோன ‘ஓவன்’ என்ற அந்தக் குட்டி ஓடி ஒளிந்தது ஒரு கிழட்டு ராட்சத ஆமையின் பின்னால். ஆமை முதலில் விலகித்தான் போனது. குட்டி விடவில்லை. பிறகு இரண்டும் ஒட்டிப் படுத்து உறங்கின. தனிமைதான் அதற்கு வழி திறந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் என்னை உலுக்கியது சிகாகோ பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட எலி ஆய்வு. வெள்ளை எலி, குழாயில் சிக்கிய முன்பின் தெரியாத வெள்ளை எலியைக் கதவு திறந்து விடுவிக்கும்; பழக்கமில்லாத கறுப்புத் தலை இனத்தை விடுவிக்காது. பிறந்ததிலிருந்து கறுப்புத் தலை எலிகளோடு மட்டுமே வளர்ந்த வெள்ளை எலியோ அந்த இனத்தின் அந்நியர்களை விடுவித்தது, தன் சொந்த இனத்தைக் கைவிட்டது!

‘நம்மவர்’ என்ற எண்ணம் பிறவியிலேயே இருக்கலாம். யார் நம்மவர் என்பதை எலிக்குச் சொல்லிக்கொடுத்தது ரத்தம் அல்ல, உடன் வளர்ந்த கூண்டு.