மாநிலத்துக்கு உரிமை உண்டு, நகரத்துக்கு?

கேள்வி: அமெரிக்காவில் ஜனாதிபதியே நினைத்தாலும் ஒரு மேயரைத் தொட முடியாதாமே! மாநிலம், நகரம் எல்லாமே சொந்தக் காலில் நிற்கின்றன. உண்மையான உள்ளாட்சி அங்கேதான் இருக்கிறது என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஜனாதிபதியால் ஒரு மேயரைப் பதவியிலிருந்து இறக்க முடியாது. கவர்னரையும் இறக்க முடியாது. அங்கே கவர்னரை மக்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மத்திய அரசுக்கு என்று எழுதிக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்கிறது அரசியல் சட்டத்தின் 10-வது திருத்தம்.

மற்ற பாதியையும் பாருங்கள். அந்த அரசியல் சட்டத்தில் உள்ளாட்சி பற்றிய பேச்சே கிடையாது. நம் மாவட்டம் போன்ற கவுண்டி, நகரம், பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம், தண்ணீருக்கும் தீயணைப்புக்கும் தனித்தனி வாரியங்கள் என்று சுமார் 90,000 அமைப்புகள் அங்கே இருக்கின்றன. அத்தனைக்கும் உயிர் கொடுத்தது மாநிலம். கொடுத்ததை அது திரும்ப எடுக்கலாம். பென்சில்வேனியாவில் அலிகெனி என்ற நகரத்தைப் பக்கத்து பிட்ஸ்பர்க்கோடு சேர்த்தபோது அலிகெனி மக்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். இரண்டு ஊர் ஓட்டையும் ஒன்றாக எண்ணி இணைத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குடிமக்கள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் மாநிலம் இதைச் செய்யலாம் என்று 1907-ல் தீர்ப்பு வந்தது.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். கட்டடத் தொழிலாளிகளுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் ஓய்வு தரவேண்டும் என்று ஆஸ்டினும் டாலஸும் விதி வைத்திருந்தன. அதுபோன்ற நகர விதிகளை இல்லாமல் செய்யத்தான் டெக்ஸாஸ் சட்டசபை 2023-ல் ஒரு சட்டம் இயற்றியது.

என்னால் ஆறவே முடியாதது மிச்சிகனில் உள்ள ஃபிளின்ட் நகரத்தின் கதை. கடனில் சிக்கிய நகரங்களுக்கு மாநிலமே ஒரு அவசரகால மேலாளரை நியமிக்கலாம் என்று அங்கே சட்டம் வந்தது. அவர் வந்துவிட்டால் மேயரும் கவுன்சிலர்களும் பெயருக்குத்தான். டெட்ராய்ட், பென்டன் ஹார்பர், ஃபிளின்ட் என்று கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் இந்த மேலாளர்கள் உட்கார்ந்தார்கள். 2012 நவம்பரில் மாநில மக்கள் நேரடி வாக்கெடுப்பில் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். அடுத்த மாதமே சட்டசபை கிட்டத்தட்ட அதே சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. கவர்னர் ரிக் ஸ்னைடர் கையெழுத்துப் போட்டார். இந்த முறை அதற்குள் ஒரு நிதி ஒதுக்கீட்டையும் செருகியிருந்தார்கள். மிச்சிகனில் நிதி ஒதுக்கும் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்க முடியாது! மக்கள் சொன்ன பதிலை இப்படி மதித்த அரசைத்தான் நீங்கள் முன்மாதிரி என்கிறீர்கள்.

சரி, ஃபிளின்ட்டில் என்ன நடந்தது? டெட்ராய்ட்டிலிருந்து தண்ணீர் வாங்குவதை விட்டு, வேறொரு குழாய்த் திட்டத்தில் சேர நகர சபையும் வாக்களித்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அது முடியும்வரை ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரைக் கொடுப்பது என்பது மேலாளர் ஆட்சியில் நடந்தது. 2014 ஏப்ரலில் மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்கவேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் குடிநீரில் இறங்கியது. அந்த அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ், எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று தன் தொழிற்சாலைக்கு வேறு தண்ணீர் ஏற்பாடு செய்துகொண்டது. குழந்தைகள் மட்டும் அதையே குடித்தார்கள்.

2015 மார்ச்சில் நகர சபை, டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்பவேண்டும் என்று 7-க்கு 1 என்ற கணக்கில் வாக்களித்தது. மேலாளர் செலவைக் காட்டி மறுத்தார். அவ்வளவுதான், அந்த 7 ஓட்டுக்கு அதற்குமேல் மதிப்பில்லை. மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை அந்த செப்டம்பரில் வெளிப்படுத்திய பிறகு, அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்பியது. பின்னர் மக்களுக்கான இழப்பீடாக ஒப்புக்கொள்ளப்பட்டது சுமார் 62.6 கோடி டாலர். அதில் 60 கோடி மாநில அரசின் பங்கு. நகர சபை கேட்ட அன்றே திரும்பியிருந்தால், ஃபிளின்ட் பிள்ளைகள் இன்னொரு கோடைகாலம் முழுக்க அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கமாட்டார்கள்.