கோத்தகிரி கல் வீட்டுக்கு வெந்நீரும் வெதுவெதுப்பும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டத்தோடு, 1880-களில் கட்டிய கல் வீடு ஒன்றை நானும் தம்பியும் வாங்கியிருக்கிறோம். இரண்டடி கனச் சுவர், மங்களூர் ஓடு, பலகைத் தரை. உள்சுவரில் இடுப்பு உயரம்வரை ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. வாட்டர்புரூஃப் கெமிக்கல் கலந்து சிமென்ட் பூசலாம், ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம் போடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். மூட்டுவலி உள்ள அம்மாவுக்காக வெந்நீர், அட்டாச்டு பாத்ரூம், குளிர் தாங்கும் படுக்கையறை வேண்டும். எதிலிருந்து தொடங்குவது? (வாசகர், கோவை)

பதில்: நீங்கள் கேட்கும் வசதிகள் எல்லாமே அந்த வீட்டில் சாத்தியம். கான்ட்ராக்டர் சொல்லும் இரண்டுக்கும் மட்டும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

அந்தக் காலத்து மலை வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியவை. நீலகிரியின் கருங்கல் சார்னோக்கைட் வகை. மிகக் கெட்டி, தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. சுவருக்குள் போன ஈரம் திரும்பி வர இருக்கும் வழி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சுண்ணாம்புதான். அதைச் சிமென்டால் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி மேலே ஏறும். இன்றைக்கு இடுப்பளவில் இருக்கும் ஓதம் மார்பளவாகும். சுவரில் செருகியிருக்கும் உத்தரங்களின் நுனி வெளியே தெரியாமலே உளுத்துப்போகும். இதற்கு முன் யாராவது வெளிப்பக்கம் சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஓதத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பூச்சைத் தொடும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாலே பாதி தெரிந்துவிடும். கூரை விளிம்புத் தகரக் காடியில் சில்வர் ஓக் இலை அடைத்து, தண்ணீர் சுவரிலேயே வழிகிறதா? அப்புறம் வெளித்தரை மட்டம். நூறு வருடத்தில் பூப்பாத்தி, நடைபாதை என்று மண் ஏறிக்கொண்டே வந்திருக்கும். வெளிமண் உள்தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டாமல், கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளம் எடுத்து, ஜல்லியும் துளைக்குழாயும் போட்டு, நீரைச் சரிவில் வெளியேற்றுங்கள். பலகைத் தரைக்குக் கீழே சுவரில் சின்னச் சின்னக் காற்றுத் துவாரங்கள் இருக்கும். எலி வருகிறது, குளிர் வருகிறது என்று அவற்றை அடைத்திருப்பார்கள். திறந்து கம்பிவலை அடியுங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு ஒரு வறண்ட பருவம் முழுக்க சுவரைக் காயவிட்டாலே ஓதம் கணிசமாக இறங்கும். இவ்வளவு கனச் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு மேலே எதையும் பூசாதீர்கள்.

பிறகுதான் பூச்சு. நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு என்று தொடங்கி, முதலில் ஓரிடத்தில் பூசிப் பாருங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்க்கத் தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் போதும்; பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம்.

கான்கிரீட் தளம் அந்தச் சுவர் சுமக்கக் கட்டிய பாரம் இல்லை. ஓட்டை இறக்கி, உடைந்ததையும் உளுத்த சட்டங்களையும் மாற்றி, நீர் புகாத, ஆனால் நீராவியை வெளியே விடும் விரிப்பைப் போட்டு மறுபடி வேயுங்கள். குளிருக்கான மருந்தும் கூரையில்தான் இருக்கிறது. சூடு மேலே ஏறி ஓட்டு இடுக்கில் போய்விடும். படுக்கையறையின் பலகைக் கூரைக்கு மேல் ராக்வூல் (சூட்டைத் தடுக்கும் கல்பஞ்சு) பரப்பி, அதற்கும் ஓட்டுக்கும் நடுவே காற்றோட்டம் விடுங்கள். ஜன்னல் இடுக்குகளை அடைத்து, கனத்த திரை போடுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை ஹீட்டர் வாங்கினாலும் மின்கட்டணம்தான் ஏறும்.

பழைய கணப்பு இருந்தால் புகைபோக்கியைத் துப்புரவாக்கி, விரிசல் பார்த்து, உள்ளே எஃகுக் குழாய் இறக்கி, மூடிய வார்ப்பிரும்பு அடுப்பைப் பொருத்தலாம். திறந்த கணப்பைவிடக் குறைந்த விறகில் அதிகச் சூடு கிடைக்கும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள். கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்கவே கூடாது. மலை ஊர் விடுதி அறைகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

பாத்ரூமை வீட்டின் நடுவில் திணிக்காமல், அம்மாவின் அறையை ஒட்டிப் பின்பக்கத்தில் தனிச் சாய்ப்பாக எடுங்கள். இருக்கும் ஜன்னலையே கீழே இறக்கிக் கதவாக்கலாம். மேலே உள்ள கல் வளைவைத் தொட வேண்டியதில்லை. ஈரம் படும் சுவர் புதிய சுவராக, கல்லோடு ஒட்டாமல் இருக்கட்டும். வாசற்படி இல்லாத தரை, கைப்பிடி, வெளிக்காற்று விசிறி மூன்றும் வேண்டும். கீசருக்குத் தனி மின்லைன், நல்ல எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). வயர்களைக் கல்லைக் குடைந்து பதிக்காமல், வெளியே தெரியும் குழாயில் கொண்டுபோங்கள்.

சாய்ப்புக்கு இடம் வேண்டுமென்று பின்பக்க மேட்டை வெட்டிவிடாதீர்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, அந்த மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொக்லைன் இறக்கவும் ஆழ்துளைக் கிணறு போடவும் அங்கே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சாய்ப்புக்கு உள்ளாட்சி அனுமதியையும் முன்கூட்டியே வாங்குங்கள். செப்டிக் டேங்க் நீரை வீட்டுக்கு மேல்பக்கச் சரிவில் இறக்கக் கூடாது.

கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் கனமானது. அதனால் கூரையையும் வடிகாலையும் இந்த மழைக்கு முன்னால் முடியுங்கள். ஜனவரியிலிருந்து சுவர் காயட்டும்; பாத்ரூம் வேலையை அந்த நேரத்தில் பார்க்கலாம். ஏப்ரலில் சுண்ணாம்புப் பூச்சைத் தொடங்கினால், ஜூன் மழைக்குள் அது இறுகிவிடும்.