கஞ்சாவுக்கு அனுமதி வந்தால் கடத்தல் நின்றுவிடுமா? – வாசகர் கேள்வி பதில்

இராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரும் ஒரு மனநல மருத்துவரும் சேர்ந்து எழுதிய பதில்கள்.

“கனடாவிலும் ஜெர்மனியிலும் கஞ்சா குற்றமில்லை, தாய்லாந்தில் கடையிலேயே விற்கிறார்கள், இங்கும் சீக்கிரம் வந்துவிடும்” என்று என் 19 வயது மகன் வாதாடுகிறான். உண்மையா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

அம்மா, மகன் சொல்வதில் பாதி உண்மை. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் அனுமதி உண்டு. பொது இடத்தில் 30 கிராம் வரை வைத்திருக்கலாம். ஆனால் கியூபெக் மாகாணத்தில் 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. உங்கள் மகனுக்கு அங்கே கடையில் கொடுக்க மாட்டார்கள். ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல் வெளியில் 25 கிராமும் வீட்டில் 50 கிராமும் 3 செடிகளும் அனுமதித்தது. ஆனால் கடை கிடையாது. சொந்தமாக வளர்க்க வேண்டும், இல்லையென்றால் பதிவு பெற்ற வளர்ப்போர் சங்கத்தில் சேர வேண்டும். தாய்லாந்து கதை மகனுக்குத் தெரியாது போலிருக்கிறது. 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூவை விற்கக் கூடாது என்று பின்வாங்கிவிட்டார்கள்.

கஞ்சாவுக்குக் கடை திறந்த நாடுகளில் எதிர்பாராத தொல்லை எங்கிருந்து வந்தது என்றால், மிட்டாய், பிஸ்கட் வடிவில் விற்றதிலிருந்து. புகைத்தால் சில நிமிடங்களில் ஏறிவிடும். தின்றால் அரை மணியிலிருந்து 2 மணி நேரம் வரை ஆகும். “ஒன்றும் ஏறவில்லையே” என்று இரண்டாவது துண்டைத் தின்பவர் சிக்கிக்கொள்கிறார். வீட்டில் மிட்டாய் என்று நினைத்து எடுத்துத் தின்ற சின்னக் குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவது அங்கே கூடியது. தின்பண்டப் பாக்கெட் ஒன்றில் போதைச் சத்து 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கனடா வரம்பு வைத்ததற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் 1985 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நீடிக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க 27-க்கு 25 என்று முடிவெடுத்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. அந்த வாக்கு மருத்துவப் பயனை ஏற்றது மட்டுமே. அதை வைத்துக் கடை வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

1 கிலோ வரை குற்றமில்லை என்கிறார்களே? கல்லூரியில் படிக்கும் என் தம்பியின் பையில் 40 கிராம் பிடித்திருக்கிறார்கள்.
– ஒரு வாசகர், கீழக்கரை

இந்த ஒரு தவறான எண்ணத்தால் வாழ்க்கை கெட்டுப்போன பையன்கள் நிறைய. 1 கிலோ என்பது தண்டனை குறையும் எல்லை, குற்றம் இல்லாத எல்லை அல்ல. அதற்குள் இருந்தால் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவைத் தாண்டி 20 கிலோ வரை 10 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20 ஆண்டு, அபராதமும் 1 லட்சத்திலிருந்துதான் தொடங்கும். சரஸ், ஹாஷிஷ் எனப்படும் கஞ்சாப் பிசின் என்றால் எல்லைகள் 100 கிராமும் 1 கிலோவும்.

தம்பி விஷயத்தில் பொதுவாக ஜாமீன் கிடைக்கும். அதைவிட முக்கியம் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு. பழக்கத்துக்கு அடிமையானவர் சிறு அளவு வழக்கில் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். எனவே சேர்ந்த நாள், வந்துபோன நாள், மருத்துவர் கையெழுத்து எல்லாவற்றையும் காகிதத்தில் வாங்கி வையுங்கள். வழக்கறிஞரிடம் முதல் நாளே இந்தப் பிரிவைப் பற்றிக் கேளுங்கள்.

உடல் சோதனைக்கு முன், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உண்டு என்று போலீசார் தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும். பையை மட்டும் சோதித்தால் இந்த விதி பொருந்தாது.

என் ஃபைபர் படகை இரண்டு பேர் ஓட்டுகிறார்கள். கடலில் மிதக்கும் மூட்டை வலையில் மாட்டினால் என்ன செய்வது? படகு போய்விடுமா?
– ஒரு சம்மாட்டி, பாம்பன்

முதலில் மூட்டை. பழுப்பு நிற டேப் சுற்றிய பொட்டலங்கள் தெரிந்தால் பிரிக்காதீர்கள், ஒன்றை மட்டும் எடுத்து ஒளிக்காதீர்கள். ஜி.பி.எஸ். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, கடலில் இருக்கும்போதே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கோ கடலோரக் காவல்படையின் 1554-க்கோ சொல்லுங்கள். விஎச்எஃப் வானொலிக் கருவி இருந்தால் 16-வது சானல். செல்போன் எடுக்கவில்லை என்றால் பக்கத்துப் படகைக் கூப்பிட்டுச் சாட்சி வையுங்கள். கரைக்கு வந்த பிறகு சொல்வதற்கும் வருமுன் சொல்வதற்கும் வித்தியாசம் மிகப் பெரியது. கையில் பொருள் இருந்தால் அது உங்களுடையது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

இனி படகு. கடத்தலுக்குப் பயன்பட்ட வாகனத்தையும் படகையும் பறிமுதல் செய்ய அதே சட்டத்தின் 60-வது பிரிவு இடம் கொடுக்கிறது. “எனக்குத் தெரியாது” என்ற சொல் மட்டும் காப்பாற்றாது. உங்களுக்கும் படகை வைத்திருந்தவருக்கும் தெரியாது என்பதோடு, இருவரும் நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்திருந்தீர்கள் என்பதையும் நிரூபிக்க வேண்டும். தெரிந்தே படகைக் கொடுத்தவர் என்றால் 25-வது பிரிவில் கடத்தியவருக்கு உள்ள தண்டனையே உங்களுக்கும்.

முன்னெச்சரிக்கை என்றால் நீதிமன்றத்தில் காட்டக்கூடிய காகிதம். ஒரு நோட்டில் தேதி, போனவர்கள் பெயர், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், ஊற்றிய பெட்ரோல் லிட்டர், பிடித்த மீன் எடை எழுதுங்கள். 40 லிட்டர் போட்டுப் போய் 5 கிலோ மீனோடு வந்தால் அன்றைக்கே கேளுங்கள். இரவில் அவுட்போர்டு எஞ்சினைக் கழற்றிக் கொண்டுபோக முடியாவிட்டால் பெட்ரோல் குழாயையாவது கழற்றி வீட்டில் வையுங்கள். ஆட்களின் ஆதார் நகல் வைத்திருங்கள். படகு காணாமல் போனால் விடியும்வரை தேடிவிட்டுப் போகலாம் என்று இருக்காமல் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரை ஏற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அந்த ரசீதில் உள்ள நேரமே பிறகு உங்களுக்குத் துணை.

கூலிக்கு மூட்டை தூக்கப் போகும் பையன்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். “நான் ஒரு மூட்டைதான் தூக்கினேன்” என்பது எடுபடாது. கூட்டுச்சதி என்று 29-வது பிரிவு சேர்ந்தால் மொத்தச் சரக்கின் எடையும் அவன் கணக்கில் வரும். வணிக அளவு வழக்கில், குற்றவாளி இல்லை என்று நம்பக் காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினாலன்றி 37-வது பிரிவு ஜாமீனைத் தடுக்கும். குற்றப்பத்திரிகைக்கே 180 நாள் அவகாசம் உண்டு. மூட்டைக்குச் சொந்தக்காரன் கரைக்கு வருவதே இல்லை. உள்ளே போவது இந்தப் பிள்ளைகள். எங்களுக்கு மனம் வலிக்கும் இடம் இது.

இரண்டு வருடமாகப் புகைக்கும் அண்ணனுக்கு யாரோ காதில் பேசுவதுபோல் கேட்கிறதாம். ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள்.
– ஒரு தங்கை, சாயல்குடி

தர்காவுக்குப் போங்கள், தவறில்லை. மருந்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஏர்வாடியிலேயே துவாவோடு தவாவும், அதாவது பிரார்த்தனையோடு மருந்தும், என்று அரசின் மனநலச் சேவை நடக்கிறது. எந்த இடத்திலும் சங்கிலி போடச் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் எரிந்தபோது சங்கிலியில் இருந்தவர்கள் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

தினமும் கடுமையான சரக்கைப் புகைப்பவருக்கும், பதின்வயதில் தொடங்கியவருக்கும், குடும்பத்தில் மனநோய் உள்ளவருக்கும் இந்தக் குரல்கள் வரும் ஆபத்து கூடுதல். சிலருக்கு நிறுத்திய சில நாட்களில் அடங்கும். அடங்காவிட்டால் அது தனி நோயாக மாறியிருக்கலாம்; சீக்கிரம் மருந்து தொடங்கியவருக்கே நல்ல பலன். நிறுத்திய 1, 2 நாளில் எரிச்சலும் வியர்வையும் பசியின்மையும் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். தூக்கக் கேடு அதற்கு மேலும் நீடிக்கும். அந்த முதல் வாரத்தில்தான் “இவனுக்குப் புகைத்தால்தான் நல்லது” என்று வீட்டாரே மனம் இளகிவிடுகிறார்கள். ஓயாத வாந்தி, சுடுநீரில் குளித்தால் மட்டும் நிற்கிறது என்றால் அதுவும் கஞ்சாவால் வருவது. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி வாங்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416.

கஞ்சா இலையில் செய்யும் பாங்கும், கஞ்சாச் செடியின் விதையும் கூடவா குற்றம்?
– ஒரு வாசகர், தொண்டி

மத்தியச் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவும் காயும் உள்ள நுனியை. அவை சேராத இலையும் விதையும் அந்த விளக்கத்தில் இல்லை. அதனால்தான் சில வட மாநிலங்களில் உரிமம் பெற்ற பாங்கு கடைகள், தமிழ்நாட்டில் கிடையாது. போதைச் சத்து 0.3 சதவீதத்துக்குள் இருக்கும் சணல் வகைக் கஞ்சாச் செடியை உத்தரகண்ட் நாருக்காக அனுமதித்தது. அதைக் காட்டி இங்கே தோட்டத்தில் செடி வைத்தால் 10 ஆண்டு வரை சிறை.

அரசே விற்றால் இந்தக் கடத்தல் ஒழியாதா?
– ஒரு ஆசிரியர், தேவிபட்டினம்

இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போடுகிறார்கள். புகைத்தவனைச் சிறையில் போடாமல் இருப்பது ஒன்று, கடை திறப்பது இன்னொன்று. முதலாவது வேண்டும் என்றே நாங்கள் நினைக்கிறோம். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டில் சுமார் 3.1 கோடிப் பேர் முந்தைய ஓராண்டில் பாங்கோ கஞ்சாவோ பயன்படுத்தியதாகவும், 72 லட்சம் பேருக்கு உதவி தேவை என்றும் கணக்கு வந்தது. அத்தனை பேரையும் சிறை திருத்தாது. 1893-94-இல் ஆங்கிலேய அரசு அமைத்த கஞ்சா போதைப்பொருள் ஆணையமே தடையை விட வரியும் கட்டுப்பாடும் மேல் என்றுதான் சொன்னது.

கடையால் நம் கடல் மாறும் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. கலிபோர்னியா மக்கள் 2016-இல் வாக்களித்து அனுமதித்தார்கள்; வரி ஏறியது, பல ஊர்கள் கடைக்கு இடம் மறுத்தன, கள்ளச் சந்தை இன்னும் நடக்கிறது. நமக்கோ எதிர்க்கரை வேறு நாடு. மஞ்சளும் பீடி இலையும் இந்தியாவில் எந்தக் கடையிலும் வாங்கலாம். இறக்குமதித் தடையாலும் வரியாலும் இலங்கையில் விலை ஏறியதும் அவையும் இதே வேதாளை, மண்டபம், தனுஷ்கோடிக் கரைகளிலிருந்து மூட்டையாகப் போயின. ஆந்திர–ஒடிசா மலைகளிலிருந்து வரும் கஞ்சா இந்தக் கரையைத் தேடுவது தலைமன்னாரில் கிடைக்கும் விலைக்காக. இங்கே அனுமதி வந்து அங்கே தடை நீடித்தால் சரக்கு மலிவாகும், இடைவெளி விரியும், இரவில் மூட்டை தூக்க ஆள் இன்னும் அதிகம் தேவைப்படும்.